குட்டிக்கு முன் தாயைப் பார்க்க வேண்டும்: சிறு இன நாய் வாங்கும்போது நல்ல பிரீடரை அறிவது எப்படி

தமிழ்நாட்டு நகரங்களில் இன்று ஒரு சிறு இன நாய்க்குட்டி கைமாறும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. துவாலையின் மேல் உட்கார்ந்திருக்கும் ஷிட்சு அல்லது பக் குட்டி, கழுத்தில் ரிப்பன், படத்துக்குக் கீழே '35 நாள், ஆண், பேப்பர் இல்லை' என்று ஒரு வரி. ஜிபே மூலம் முன்பணம் போகிறது. மறுநாள் பேருந்து நிலையத்திலோ சுங்கச்சாவடிக்கு அருகிலோ ஒருவர் அட்டைப்பெட்டியை நீட்டுகிறார். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். வாங்கியவர் அந்தக் குட்டி பிறந்த இடத்தைப் பார்த்ததில்லை, அதை ஈன்ற தாயைப் பார்த்ததில்லை, விற்றவரின் முழுப் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்துக் குட்டி சாப்பிட மறுத்து, வாந்தியெடுத்து, இரத்தமாகக் கழியத் தொடங்கும்போதுதான், இதை யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்வி எழுகிறது.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது நாம் மனிதர்களைப் பற்றிச் சொல்லும் பழமொழி. நாய்க்குட்டிக்கு அது இன்னும் நேராகப் பொருந்தும். ஐந்து வாரக் குட்டியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதன் மூச்சுக்குழாய் எப்படி வளரும், முழங்கால் சில்லு இடத்தில் நிற்குமா, அன்னியரைக் கண்டால் பதுங்குமா பாயுமா என்பதையெல்லாம் அதன் முகத்தில் படிக்க முடியாது. தாயிடம் அவற்றில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். ஆகவே நல்ல பிரீடர், அதாவது நாய்களை ஈன வைத்து விற்பவர், யார் என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது: தாய் நாயை, அது வாழும் இடத்திலேயே, தயக்கமின்றிக் காட்டுகிறவரும், அதன் உடல்நலத்தைப் பற்றி ஆவணத்தோடு பேசத் தெரிந்தவருமே நல்ல பிரீடர். பதிவுச் சான்று, தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப், ஒப்பந்தம் ஆகிய மற்ற அனைத்தும் இந்த ஒன்றை உறுதிப்படுத்தத்தான் தேவைப்படுகின்றன.

சிறு இனங்களில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. ராட்வீலரையோ லாப்ரடாரையோ இனவிருத்தி செய்ய இடமும் கூண்டும் ஆளும் வேண்டும். அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது. பக், ஷிட்சு, பொமரேனியன், சிவாவா போன்றவற்றை ஒரு படுக்கையறையிலோ மூடிய பால்கனியிலோ பத்துப் பன்னிரண்டு என்று அடைத்து வைத்து ஈன வைத்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியதால் தேவையும் பெருகியது. 2003இல் ஒரு கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் ஓடிய பக், இந்திய வீடுகளில் அந்த இனத்தின் மீது ஏற்படுத்திய ஆசையை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. ஆசை வேகமாக வளர்ந்தது. குட்டி அந்த வேகத்தில் பிறக்காது.

அந்த வேகமின்மையைப் புரிந்துகொண்டால் சந்தையின் பாதி இரகசியம் விளங்கிவிடும். பெண் நாய் பொதுவாக ஆறு முதல் எட்டு மாதங்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது; சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பெரிய இனங்கள் எட்டு, பத்து என்று ஈனும்போது, மிகச் சிறிய இனங்கள் இரண்டு, மூன்று, சில வேளைகளில் ஒரே ஒரு குட்டியை ஈனுகின்றன. தலை பெரிதாகவும் இடுப்பு குறுகலாகவும் உள்ள இனங்களுக்கு அறுவைசிகிச்சை மூலம் குட்டியை எடுக்க வேண்டிய நிலையும் அடிக்கடி வருகிறது. ஆண்டுக்கு ஒரே ஈற்று, அதில் மூன்று குட்டி, அதற்கு முன் தாய்க்குப் பரிசோதனைகள், ஒருவேளை அறுவைசிகிச்சை, எட்டு வாரம் வரை குட்டிகளுக்குத் தீவனமும் ஊசியும் என்று கணக்குப் போட்டால், நேர்மையாகச் செய்பவருக்கு இதில் பெரிய இலாபம் நிற்பதில்லை. இதையே பெருந்தொழிலாக்கி இலாபம் பார்க்க விரும்புபவர் எங்கோ ஓரிடத்தில் செலவைக் குறைத்தாக வேண்டும், அந்த இடம் பெரும்பாலும் தாய் நாயாகவே இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் அதை ஆண் நாயோடு சேர்க்கிறார், பரிசோதனையைத் தவிர்க்கிறார், குட்டிகளைச் சீக்கிரம் விற்கிறார்.

'35 நாள்', '45 நாள்' என்று விளம்பரங்களில் வரும் எண்களின் பின்னணி இதுதான். மூன்று, நான்கு வாரம் வரை குட்டியின் செலவைத் தாய் சுமக்கிறது. அதன் பிறகு பால் மட்டும் போதாது. குட்டி திட உணவுக்கு மாறுகிறது, குடற்புழு நீக்க வேண்டும், ஆறு முதல் எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். அதாவது விற்பவருக்குச் செலவு தொடங்கும் நேரமும் குட்டி பஞ்சுருண்டை போல அழகாகத் தோன்றும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. அந்த நேரத்தில் கைமாற்றிவிட்டால் செலவும் ஆபத்தும் வாங்குபவர் தலையில் விழும்.

ஆபத்து என்று சொல்வதை விளக்கியாக வேண்டும். பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலிலிருந்து குட்டிக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. வாரங்கள் போகப்போக அது தேய்கிறது. தேய்ந்துகொண்டிருக்கும் அந்த எதிர்ப்புச் சக்தி, ஊசி மருந்து வேலை செய்வதைத் தடுக்கும் அளவுக்கு இருக்கும். ஆனால் நோயைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது. இந்த இடைவெளியில்தான், குடலைத் தாக்கி இரத்தமாகக் கழிய வைக்கும் பார்வோ வைரஸ் குட்டிகளைக் கொண்டுபோகிறது. 16 வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தடுப்பூசியைத் திரும்பப் போடச் சொல்வதும் இதனால்தான். மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: உடலில் சேமிப்புச் சர்க்கரை மிகக் குறைவு. தாயைப் பிரிந்த அச்சமும் பயண அலைச்சலும் சேர்ந்து ஒருவேளை உணவைத் தவறவிட்டாலே, இரத்தச் சர்க்கரை குறைந்து துவண்டு வலிப்பு வரக்கூடும். ஒரு கிலோ எடைகூட இல்லாத குட்டியை ஐந்தாவது வாரத்தில் பேருந்தில் அனுப்புவது அதன் உயிரோடு விளையாடுவதாகும்.

உடலுக்கு அப்பால் மனமும் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில்தான் நாய் தன் உலகத்தோடு பழகக் கற்கிறது. அதன் முதல் பாதியில் கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போது, எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிரில் இருப்பது கத்தும், தாய் எப்போது உறுமி அதட்டும் என்பதை அது தெரிந்துகொள்கிறது. இந்தப் பாடத்தைப் படிக்காமல் வீட்டுக்கு வரும் சிறு நாய் குழந்தைகளின் விரலைப் பதம் பார்க்கும்போது, இந்த இனமே இப்படித்தான் என்று பழியை இனத்தின் மீது போட்டுவிடுகிறோம்.

எட்டு வாரம், அதாவது 56 நாள் நிறைவடையாத குட்டியை விற்கக் கூடாது என்பது சட்டமும்கூட. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017இல் நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகளை வெளியிட்டது. நாய்களை ஈன வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்; பதிவுச் சான்றை இடத்தில் காணும்படி வைக்க வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெண் நாயைச் சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும், ஆயுளில் ஐந்து முறைக்கு மேலும் அது ஈனக் கூடாது; எட்டு வயதைக் கடந்த பின்பும் கூடாது. விற்கப்படும் குட்டிக்குத் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும், அவற்றின் விவரத்தை வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளுக்கென 2018இல் தனி விதிகள் வந்தன. அங்கும் பதிவு கட்டாயம். இவ்வளவு தெளிவான விதிகள் இருந்தும் நடைமுறையில் பதிவு செய்யாதவர்களே தெருவுக்குத் தெரு விற்கிறார்கள் என்பது வேதனையான உண்மை. ஆயினும் விதிகள் வாங்குபவர் கையில் ஒரு கருவியைத் தந்திருக்கின்றன. 'உங்கள் பதிவுச் சான்றைப் பார்க்கலாமா, தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, முந்தைய ஈற்று எப்போது?' என்ற கேள்விகளை முதல் தொலைபேசி அழைப்பிலேயே மரியாதையாகக் கேட்கலாம். பதிவு செய்தவர் சான்றைக் காட்டுவார். செய்யாதவர் பேச்சை விலைக்குத் திருப்புவார்.

தாயைப் பார்த்தே வாங்க வேண்டும் என்ற கொள்கை ஒரு நாட்டில் சட்டமாகவே ஆகியிருக்கிறது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த 'லூசி சட்டம்', ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகர் வழியாகவும் கடை வழியாகவும் வணிகமாக விற்பதைத் தடைசெய்தது. புதிய குட்டி வேண்டுபவர் அதை ஈன வைத்தவரிடமே நேரில் போய், பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும். இல்லையேல் காப்பகத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும். லூசி என்பது கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற சிறு இனத்துப் பெண் நாய். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையில் திரும்பத் திரும்ப ஈன வைக்கப்பட்டு, கூண்டில் நிமிர முடியாமல் இடுப்பு வளைந்த நிலையில் 2013இல் மீட்கப்பட்டு, 2016இல் இறந்துபோனது. அதன் குட்டிகளைக் கொஞ்சி வாங்கிய குடும்பங்கள் ஒருபோதும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இடைத்தரகர் செய்வது அதுதான்: குட்டிக்கும் தாய்க்கும் நடுவே ஒரு திரையைப் போடுகிறார். நம் ஊரில் அந்தத் திரை இன்னும் சட்டத்தால் விலக்கப்படவில்லை. வாங்குபவரே விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி ஆவணங்களுக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா வழங்கும் சான்றைத்தான் பேச்சுவழக்கில் 'பேப்பர்' என்கிறோம். அது குட்டியின் தாய், தந்தை, அவற்றின் முன்னோர் யார் என்பதைக் கூறும் வம்சாவளிப் பதிவு. குட்டி ஆரோக்கியமானது என்பதற்கோ, தாய் நன்றாக நடத்தப்பட்டது என்பதற்கோ அது சான்றாகாது. இந்த வேறுபாட்டை மறைத்து, பேப்பரையே தரச்சான்று போலப் பேசுவது விற்பவர்களின் வழக்கம். இருந்தாலும் பேப்பர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரு பக்கமும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய இரத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை வம்சாவளிதான் காட்டிக்கொடுக்கும். சிறு இனங்களில் இது சிறிய செய்தியன்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, அந்நாட்டில் இருந்த ஏறத்தாழ 10,000 பக் நாய்களின் மரபணு வேறுபாடு, உறவில்லாத வெறும் 50 நாய்களுக்குச் சமமாக இருந்தது. ஒரே குட்டிக்குப் 'பேப்பரோடு ஒரு விலை, பேப்பர் இல்லாமல் ஒரு விலை' என்று சொல்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கென்னல் கிளப் பதிவு என்பது ஈற்று முழுவதற்கும் செய்யப்படுவது, அதற்கான கட்டணம் விலையில் அவ்வளவு பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தக்கூடியது அன்று. மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவில் தோலுக்கடியில் வைக்கப்படும், 15 இலக்க எண் பதிந்த ஒரு சிறு சிப். கால்நடை மருத்துவரிடம் உள்ள கருவியால் அதைப் படித்து, சான்றில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அதைச் செய்துவிடுவது நல்லது.

தடுப்பூசி அட்டையில் ஊசி மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு, தேதி, மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். விற்பவரே பேனாவால் எழுதித் தரும் அட்டைக்கு மதிப்பில்லை. குட்டியின் வயதில் ஐயம் இருந்தால் அதன் வாயே சாட்சி சொல்லும்: முன்பற்கள் நான்காவது வாரத்தை ஒட்டி முளைக்கத் தொடங்குகின்றன, இரண்டு மாதம் ஆகும்போது 28 பால்பற்களும் பெரும்பாலும் வந்துவிடும். சிறு இனங்களில் இது சற்றுத் தாமதமாகலாம் என்றாலும், ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று அனுபவமுள்ள மருத்துவரிடம் சொல்லி ஏமாற்ற முடியாது.

இனத்துக்கு இனம் கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. இந்த இடத்தில்தான் பிரீடரின் உண்மையான அறிவு வெளிப்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பக், ஷிட்சு, பெகிங்கீஸ் போன்ற தட்டை முக இனங்களில் மூக்குத் துளை குறுகி, மெல்லண்ணம் நீண்டு, மூச்சுப்பாதை அடைபடும் கோளாறு பரவலாக உண்டு. லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வு, பிற நாய்களோடு ஒப்பிடும்போது பக் நாய்க்கு இந்த மூச்சுக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு 50 மடங்குக்கும் மேல் என்று கண்டது. நாய் தன் உடற்சூட்டை முக்கியமாக வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் வழியாகத்தான் தணிக்கிறது. மூச்சே திணறும் நாய் சென்னையின் மே மாத வெயிலை எப்படித் தாங்கும்? 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்த நாய் இனவிருத்திக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவற்றோடு பக் இனத்தையும் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கொள்கை உயர் நீதிமன்றம் வரை எதிர்க்கப்பட்டது. வழக்கின் போக்கு எதுவாக இருந்தாலும், அதன் பின்னாலிருந்த கவலை நியாயமானது. தட்டை முக இனம்தான் வேண்டும் என்றால், தாயையும், முடிந்தால் தந்தையையும், மூன்று நிமிடம் வேகமாக நடக்க வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வகுத்த மூச்சுத் தரமதிப்பீட்டிலும் மூன்று நிமிட ஓட்டத்துக்குப் பிறகே மூச்சொலியைக் கேட்கிறார்கள். நடந்து முடித்த பின் குறட்டை போன்ற ஒலி பக்கத்து அறைக்குக் கேட்டால், 'பக் என்றாலே அப்படித்தான்' என்ற சமாதானத்தை ஏற்கத் தேவையில்லை. மூக்குத் துளை சற்றே திறந்ததாகவும் மூக்குத் தண்டு சற்றே நீண்டதாகவும் உள்ள பெற்றோரைத் தேர்ந்து சேர்ப்பவரும் இருக்கிறார்கள். முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு விலை என்று பேசுபவரைவிட அவர்கள் எவ்வளவோ மேல்.

டாஷண்ட் நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்டது; அதன் கால்களைக் குட்டையாக்குபவை சில மரபுக்கூறுகள். அவற்றில் ஒன்று முதுகெலும்புத் தட்டுகளை இளம் வயதிலேயே இறுகச் செய்வதால், அவை பிதுங்கி நரம்பை அழுத்திப் பின்னங்கால்கள் செயலிழக்கும் நிலை இந்த இனத்தில் அடிக்கடி நேர்கிறது. ஆகவே டாஷண்ட் விற்பவரிடம் கேட்க வேண்டியது பெற்றோர், தாத்தா பாட்டி நாய்களின் முதுகைப் பற்றி. பெற்றோர் மூன்று, நான்கு வயதைத் தாண்டியும் முதுகுவலியின்றி ஓடியாடினால் அது நம்பிக்கை தரும் செய்தி. பொமரேனியன், சிவாவா, டாய் பூடில் ஆகியவற்றில் முழங்கால் சில்லு இடம் விலகுவது வழக்கமான குறை. இதற்கு ஸ்கேன்கூடத் தேவையில்லை. மருத்துவர் கையால் தொட்டே ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்துவிடுவார். அதிகச் செலவில்லாத இந்தப் பரிசோதனையைக்கூடத் தாய்க்குச் செய்யாதவர் வேறு எதையும் செய்திருக்க மாட்டார். மூச்சுக்குழாய் தளர்தல், பால்பல் விழாமல் நிற்றல், கண்ணின் விழித்திரை படிப்படியாகச் செயலிழத்தல் ஆகியவையும் சிறு இனங்களில் கேட்டறிய வேண்டியவை. கடைசியாகச் சொன்னதன் பல வகைகளுக்கு மரபணுப் பரிசோதனை உண்டு.

பொமரேனியனைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் பல தலைமுறையாக 'பாம்' என்று அழைக்கப்பட்டு வரும் வெள்ளை நாய் பெரும்பாலும் பொமரேனியன் அன்று. அது இந்தியன் ஸ்பிட்ஸ். முறையான பொமரேனியன் மூன்று கிலோவைச் சுற்றியே நிற்கும். ஸ்பிட்ஸ் அதைவிடப் பெரிதாக வளரும், நம் வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஸ்பிட்ஸ் எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. முதல்முறை நாய் வளர்ப்பவருக்கு நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் ஸ்பிட்ஸைப் பொமரேனியன் விலைக்கு விற்பவர் ஒன்று அறியாதவர், இல்லையேல் ஏமாற்றுபவர். இருவரிடமும் வாங்க முடியாது. அதேபோல் 'டீகப்' என்று ஓர் இனமே கிடையாது. ஈற்றில் மிக நோஞ்சானாகப் பிறந்ததையோ, வயதைக் கூட்டிச் சொல்லி விற்கும் பச்சிளம் குட்டியையோ, வளர்ச்சி குன்ற அரைவயிறு போட்டு வளர்த்ததையோ அந்தப் பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அத்தகைய குட்டிகளுக்குச் சர்க்கரைக் குறைவும் உச்சி எலும்பு மூடாத குறையும் அதிகம்.

நேரில் போகும் நாளுக்கு வருவோம். நல்ல பிரீடர் முதல் நாளே குட்டியைக் கையில் தூக்கிக் கொடுக்காமல் இருக்கலாம்; அதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். பார்வோ வைரஸ் செருப்பிலும் உடையிலும் ஒட்டி வரும், தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி, முதல் ஊசி போடும் வரை காணொளி அழைப்பில் மட்டுமே காட்டுவேன் என்பவர் தன் குட்டிகளைக் காக்கிறார். வாங்குபவரும் ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களுக்குப் போகக் கூடாது. ஓர் இடத்து நோயை இன்னோர் இடத்துக்குச் சுமந்துபோகிறவராக நாமே ஆகிவிடுவோம். ஆனால் எட்டு வாரம் ஆன பின்பும் உள்ளே வரக் கூடாது, வெளியில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் ஏதோ மறைவு இருக்கிறது.

உள்ளே போனதும் குட்டிகளை விட்டுவிட்டு முதலில் தாயைப் பார்க்க வேண்டும். பால் கொடுத்து இளைத்திருக்கலாம், முடி உதிர்ந்திருக்கலாம், அது இயல்பு. ஆனால் கண் தெளிவாக இருக்கிறதா, உரிமையாளரைக் கண்டு வாலாட்டுகிறதா, நம்மைக் கண்டு மூலையில் ஒடுங்குகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். வேறொரு நாயைத் தாய் என்று காட்டும் வழக்கமும் உண்டு. உண்மையான தாயின் காம்புகள் பால்சுரந்து தொங்கியிருக்கும். குட்டிகள் அதைக் கண்டதும் முட்டிக்கொண்டு ஓடும், அதுவும் அவற்றை முகர்ந்து நக்கும். தந்தை அங்கே இல்லாமலிருப்பது குறையன்று; பொருத்தமான ஆண் நாயை வெளியூரில் தேடிப்போய்ச் சேர்ப்பவர் பெரும்பாலும் அக்கறையுள்ளவராகவே இருப்பார், அதன் படமும் பரிசோதனை விவரமும் அவரிடம் இருக்கும். கூடப் பிறந்த எல்லாக் குட்டிகளையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் துள்ளி மற்றவை சோர்ந்திருந்தால், துள்ளுவதும் நாளை சோரக்கூடும்.

அந்த வீட்டில் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது மற்றோர் அளவுகோல். ஒன்று அல்லது இரண்டு இனத்தில் பல ஆண்டு மூழ்கியிருப்பவருக்குத் தன் நாய்களின் மூன்று தலைமுறைக் குறைகளும் தெரிந்திருக்கும். 'எந்த இனம் வேண்டுமானாலும் இரண்டு நாளில் ஏற்பாடு செய்கிறேன்' என்பவர் பிரீடர் அல்லர், தரகர். ஆண்டுக்கு ஓர் ஈற்று, அதில் இரண்டு மூன்று குட்டி என்ற கணக்கை நினைவில் வைத்தால், நல்ல இடத்தில் ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பது புரியும். அங்கே வயதான நாய்கள் இருக்கின்றனவா என்பதையும் நான் தவறாமல் கேட்பேன். ஐந்து ஈற்று முடிந்த பெண் நாய் எங்கே போனது? சோபாவில் படுத்துத் தூங்குகிறது என்றாலோ, கருத்தடை செய்து இன்னாருடைய வீட்டில் வளர்கிறது என்று பழைய படங்களைக் காட்டினாலோ, அந்த ஒரு விடை மற்ற பத்து விடைகளுக்குச் சமம். கேள்விக்கு விடையே வராத இடத்தில், ஈன முடியாத தாய்கள் என்ன ஆகின்றன என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது.

பிரீடரும் நம்மைக் கேள்வி கேட்பார், கேட்க வேண்டும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், குழந்தைகளுக்கு என்ன வயது, சொந்த வீடா வாடகை வீடா, ஊருக்குப் போகும்போது நாயை என்ன செய்வீர்கள் என்றெல்லாம் துருவினால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தன் குட்டி எங்கே போகிறது என்று கவலைப்படுகிறவர் அந்தக் குட்டியின் தாயைப் பற்றியும் கவலைப்பட்டிருப்பார்.

விலை பேசி முடிந்ததும் எழுத்தில் வாங்க வேண்டியது ஒரு ஒப்பந்தம். பல விற்பனையாளர்கள் தரும் '24 மணி நேர உத்தரவாதம்' பொருளற்றது. பார்வோ தொற்றிய குட்டிக்கு அறிகுறி தோன்றவே பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில வேளைகளில் இரண்டு வாரம்வரை நீளும். ஆகவே தொற்று நோய்க்குக் குறைந்தது 14 நாள் பொறுப்பேற்பதாகவும், பிறவிக் குறை தெரியவந்தால் அதற்கான ஏற்பாட்டையும், 48 மணி நேரத்துக்குள் வாங்குபவர் தம் மருத்துவரிடம் குட்டியைக் காட்ட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமான வரி ஒன்று உண்டு: எந்த வயதிலும், எந்தக் காரணத்தாலும் வளர்க்க முடியாமல் போனால் நாயைத் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று பிரீடரே கேட்கும் வரி. தெருவிலும் காப்பகங்களிலும் விடப்பட்ட பக், ஷிட்சு நாய்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

இப்படிப்பட்டவரிடம் வாங்கிய குட்டியோடு சில பொருள்களும் கூடவே வரும். அது தின்று பழகிய தீவனம் ஒரு வாரத்துக்கு, எத்தனை வேளை எவ்வளவு என்று எழுதிய தாள், அடுத்த ஊசியும் புழு மருந்தும் எந்தத் தேதியில் என்ற குறிப்பு, தாயின் வாடை படிந்த ஒரு துணித்துண்டு. முதல் இரண்டு இரவு குட்டி அழும். அந்தத் துணியைப் படுக்கையில் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தால் அழுகை குறையும். மூன்றாம் நாள் பிரீடரே தொலைபேசியில் அழைத்து, சாப்பிடுகிறதா, மலம் இறுகிப் போகிறதா என்று விசாரிப்பார். விற்ற நாயின் நலனை ஆண்டுக்கு ஒரு முறையாவது விசாரிக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. நல்லவர்களுக்கு அந்த விதி தேவைப்படுவதில்லை, நாயின் பிறந்தநாளன்று படம் அனுப்பச் சொல்லி அவர்களே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.